இருட்டில் கண்ணைக் காக்கும் சின்ன விளக்கு

மழைக்காலத்து நடுச்சாமத்தில் மழைமானியைப் பார்த்துவர ஒருவர் கொட்டிலை விட்டு வெளியே போகிறார். கையில் சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன டோர்ச் இருக்கிறது. அதை அமுக்கிக் குழாயில் எத்தனை மில்லிமீற்றர் என்று பார்க்கிறார். பின்பு விளக்கை விட்டுவிட்டு மேலே மலையைப் பார்க்கிறார். எல்லாம் ஒரே கறுப்பு. சற்று முன் வாசலுக்கு வந்தபோது மலையின் விளிம்பும் சவுக்கு மரங்களும் ஓரளவு தெரிந்தன. இப்போது அவையும் இல்லை. பத்து நிமிடம் நின்றால் மறுபடி தெரியும். ஆனால், கொட்டும் மழையில் யார் நிற்பார்கள்? "மேலே ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொள்கிறார்.

பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லையா, அல்லது அவரால் பார்க்கவே முடியவில்லையா? இவை இரண்டும் வேறு வேறு விடயங்கள். மண்சரிவுக்குப் பின் இடம்பெயர்ந்து தற்காலிகக் கொட்டில்களிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் உறவினரின் லயக் காம்பராக்களிலும் தங்க நேர்ந்த குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்து பாதையும் மின்சாரமும் அறுந்தன. அத்தகைய இரவுகளில் நம்மிடம் எஞ்சுவது கண்ணும், காதும், பையில் கிடக்கும் ஒரு சின்ன விளக்குமே. அந்த விளக்கு கண்ணைக் கெடுக்காமல் உதவும்படி அதை எவ்வாறு திருத்திக்கொள்ளலாம் என்பதை இங்கே விளக்க முயல்கிறோம். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு துண்டு ரொபித்தாள் போதும்.

கண்ணுக்குள் நடப்பது

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வந்தவுடன் கண்ணின் பாவை விரிகிறது. அதற்குச் சில விநாடிகள் போதும். ஆனால் இருட்டில் பார்வை தெளிவதற்குக் காரணம் பாவை மட்டுமல்ல. கண்ணின் பின்புறத்திலுள்ள விழித்திரையில் இரண்டு வகையான கலங்கள் இருக்கின்றன. கூம்புக் கலங்கள் பகலுக்கானவை. நிறங்களைக் காட்டுபவையும் அவையே. கோல் கலங்கள் இரவுக்கானவை. அவற்றுக்கு நிறம் தெரியாது, கறுப்பு வெள்ளை மட்டுமே. ஆனால் மிக மிகக் குறைந்த ஒளியையும் அவை பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு கண்ணிலும் ஏறத்தாழ 60 இலட்சம் கூம்புக் கலங்களும் 12 கோடி கோல் கலங்களும் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். படைப்பில் இரவுக்கு எவ்வளவு இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது பாருங்கள்!

கோல் கலங்களில் ரொடொப்சின் என்றொரு நிறப்பொருள் உண்டு. 1876இல் பிரான்ஸ் போல் என்ற ஜெர்மானியர் தவளையின் கண்ணில் இதைக் கண்டார். வெளிச்சம் பட்டதும் இப்பொருள் வெளிறிவிடும். இருட்டில் மெல்ல மெல்லத் திரும்ப உண்டாகும். முழுமையாகத் திரும்ப 30 நிமிடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வயது ஏற ஏற இன்னும் தாமதமாகும். பலமான வெளிச்சம் ஒன்று கண்ணில் பட்டால், அதன் பலத்தைப் பொறுத்துச் சில நிமிடங்கள் முதல் அரை மணித்தியாலம் வரை நாம் காத்திருக்க வேண்டும்.

நமக்குப் பயன்படும் இன்னொரு விடயமும் இருக்கிறது. கோல் கலங்களுக்கு நீலப்பச்சை ஒளி மிக நன்றாகத் தெரியும். கடும் சிவப்பு ஏறக்குறையத் தெரியவே தெரியாது. அந்தி மங்கும் நேரம் வேலியோரத்துச் செவ்வரத்தையைக் கவனித்துப் பாருங்கள். பகலில் இலையைவிடப் பூ பளிச்சென்று இருக்கும். இருள இருளப் பூ கறுத்துவிடும், இலை மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்துகொண்டிருக்கும். பூர்க்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதை எழுதிவைத்தார். ஆகவே சிவப்பு வெளிச்சத்தில் ஒன்றை வாசித்தால் பகல் கலங்கள் வாசிக்கும், இரவுக் கலங்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் தயாராகவே இருக்கும். இரண்டாம் உலகப் போரில் இரவு விமானிகளும் நீர்மூழ்கிக் கப்பல் காவலர்களும் சிவப்பு விளக்கைப் பாவித்தது இதனாலேயே. வானத்து நட்சத்திரங்களை ஆராய்பவர்கள் இன்றும் சிறிய சிவப்பு டோர்ச்சைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

வெள்ளை எல்.ஈ.டி.யின் குறை

லயங்களில் ஒரு காலத்தில் குப்பி விளக்குத்தான் துணை. அது சரிந்து எரிந்துபோன காம்பராக்களையும் பிள்ளைகளையும் நினைத்தால், எல்.ஈ.டி. விளக்கு வந்தது பெரிய நன்மை என்பதில் சந்தேகமில்லை. இருப்பினும் குப்பி விளக்கின் சுடர் மஞ்சளும் சிவப்பும் கலந்தது, கண்ணுக்கு இதமானது. வெள்ளை எல்.ஈ.டி. அப்படியல்ல. அதன் உள்ளே இருப்பது உண்மையில் ஒரு நீல விளக்கு. அதன்மேல் பூசிய மஞ்சள் பூச்சினால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. இந்த நீல எல்.ஈ.டி.யை உருவாக்கியதற்காக ஜப்பானில் பிறந்த அறிஞர்கள் மூவர் 2014இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் இரவுக் கலங்களை அதிகம் வெளிறச் செய்வதும் நீலமும் பச்சையும் மிகுந்த இந்த ஒளியே. குப்பி விளக்கு அளவு வெளிச்சம் தரும் வெள்ளை எல்.ஈ.டி., இருட்டுப் பார்வையை அதைவிட அதிகமாகக் கெடுத்துவிடும்.

நம் பகுதியில் பனிமூட்டம் வேறு. டிக்கோயாவிலும் நோர்வூட்டிலும் ஜூன், ஜூலை மாத இரவுகளில் காசல்ரீப் பக்கமிருந்து மேலேறும் மூட்டத்தில் பலமான டோர்ச்சை அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பி நிற்கும். நீர்த்துளிகளில் பட்ட ஒளி நம் கண்ணுக்கே திரும்பி வருவதுதான் அந்தச் சுவர். மங்கலான விளக்கை இடுப்பளவில் தாழ்த்திப் பிடித்தால் பாதை தெரியும். டோர்ச் பெரிதாக இருக்க வேண்டும் என்று நம்மவர்கள் ஆசைப்படுவது பல நேரங்களில் வீண் ஆசை.

திருத்தும் வழி

சந்தையில் விற்கும் சாவிக்கொத்து விளக்குகளில் பெரும்பாலானவை ஒரு சிறிய எல்.ஈ.டி.யும் காசு போன்ற பெட்டரியும் மட்டுமே கொண்டவை. இரண்டு விரலால் அமுக்கினால் எரியும். இதில் நாம் இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். ஒன்று வெளிச்சத்தைக் குறைப்பது, மற்றது சிவப்பாக்குவது. முதலாவதே முக்கியம். சிவப்பு என்பதற்காகப் பலமாக எரியவிட்டால் அதுவும் இரவுப் பார்வையைக் கெடுக்கும். நீர்மூழ்கிக் கப்பல்காரர்களும் பிற்காலத்தில் பல இடங்களில் சிவப்பை விட்டு மிக மங்கலான வெள்ளைக்கு மாறினார்கள். மங்கலே மருந்து; சிவப்பு அதற்குத் துணை.

இலகுவான வழி ஒட்டுவது. பழுப்பு நிற மாஸ்கிங் டேப்பில் சிறு துண்டு வெட்டி எல்.ஈ.டி.யின் மேல் ஒட்டுங்கள். அதன்மேல் சிவப்பு ரொபித்தாளை இரண்டு மூன்று மடிப்பாக வைத்து, சுற்றி ஒரு நூல் கட்டுங்கள். இன்னும் வெளிச்சம் கூடுதலாக இருந்தால், மின்சார வேலைக்குப் பாவிக்கும் கறுப்பு டேப்பினால் முழுவதும் மூடி, ஊசியால் ஒரே ஒரு துளை போடுங்கள். பெண்பிள்ளைகள் பூசும் சிவப்பு நகப்பூச்சும் நன்றாக உதவும். மெல்லியதாகப் பூசிக் காயவைத்து மறுபடியும் பூச வேண்டும். மூன்று நான்கு தடவை தேவைப்படும். சிவப்பு மாக்கர் பேனாவால் பூசியும் பார்த்தோம். சட்டைப்பையில் உரசி ஓரிரு நாளில் போய்விட்டது.

ஒட்டியது சரிதானா என்று பார்க்கப் பழைய சீ.டி. தட்டு ஒன்று போதும். இருட்டில் விளக்கைச் சீ.டி.யின் பளபளக்கும் பக்கத்தில் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். திருத்தாத வெள்ளை விளக்கு வானவில்போல எல்லா நிறங்களையும் காட்டும். திருத்திய விளக்கு சிவப்பை மட்டும் காட்ட வேண்டும், அதோடு கொஞ்சம் செம்மஞ்சள் இருந்தால் பரவாயில்லை. நீலமோ பச்சையோ எட்டிப் பார்த்தால் இன்னொரு மடிப்பு வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டும் பாடமுமாகும்.

இரண்டாவது வழி பெட்டரியை மாற்றுவது. விளக்கின் மூடியைக் கவனமாகத் திறந்தால் பல வகைகளில் இரண்டு மெல்லிய காசுப் பெட்டரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதைக் காணலாம். அவற்றின் முகத்தில் 2016 என்ற இலக்கம் இருக்கும். இதில் 20 என்பது அகலம், 20 மில்லிமீற்றர். 16 என்பது தடிப்பு, அதாவது 1.6 மில்லிமீற்றர். ஒவ்வொன்றும் 3 வோல்ட், இரண்டும் சேர்ந்து 6 வோல்ட். இவற்றை எடுத்துவிட்டு 2032 என்ற இலக்கமுள்ள ஒரு பெட்டரியைப் போடுங்கள். அதன் தடிப்பு 3.2 மில்லிமீற்றர். அளவு அச்சாகப் பொருந்தும், மின்னழுத்தம் பாதியாகும். விளக்கு மிகவும் மங்கலாக எரியும், பெட்டரியும் பல மடங்கு காலம் உழைக்கும். உள்ளே இருப்பவை பொத்தான் போன்ற மிகச் சிறிய பெட்டரிகளானால் இந்த வழி சரிவராது. ஒட்டும் வழியே போதும்.

கை பழகிய இளைஞர்கள் எல்.ஈ.டி.யையே மாற்றலாம். பழுதான விளையாட்டுப் பொருளிலோ வானொலியிலோ உள்ள சிவப்பு எல்.ஈ.டி.யைக் கழற்றி, வெள்ளை இருந்த இடத்தில் வைக்கலாம். சிவப்பு எல்.ஈ.டி.க்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும், வெள்ளைக்கு 3 வோல்ட் வேண்டும். ஆகவே 6 வோல்ட்டில் சிவப்பைப் பூட்டக் கூடாது, கருகிவிடும். 2032 பெட்டரி ஒன்றோடு மட்டும் பூட்டுங்கள். நீளமான கால் பெட்டரியின் கூட்டல் பக்கத்தைத் தொட வேண்டும். கால் வெட்டப்பட்டிருந்தால் பயப்பட வேண்டாம். எரியாவிட்டால் திருப்பி வையுங்கள். எரிந்தபின் மாஸ்கிங் டேப் துண்டு ஒன்றை ஒட்ட மறவாதீர்கள்.

எவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும்? இருட்டில் கால் மணித்தியாலம் இருந்தபின் ஒரு சாண் தூரத்தில் உள்ளங்கை ரேகை தெரிந்தால் போதும். எதிர்ச் சுவர் தெரிந்தால் அது கூடுதல். இன்னொரு சோதனையும் உண்டு. இருட்டில் இருபது நிமிடம் இருந்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் நன்றாகப் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் விளக்கொளியில் அரை நிமிடம் எதையாவது வாசியுங்கள். விளக்கை அணைத்து, கண்களை மாற்றி மாற்றி வெளியே பாருங்கள். வாசித்த கண்ணுக்கு எல்லாம் மிகவும் கறுப்பாகத் தெரிந்தால் விளக்கு இன்னும் பலமாக இருக்கிறது.

இதிலிருந்தே ஒரு நல்ல பழக்கமும் கிடைக்கிறது. இரண்டு கண்களும் தனித்தனியே இருட்டுக்குப் பழகுபவை. தவிர்க்க முடியாமல் வெள்ளை டோர்ச்சை அடிக்க வேண்டி வந்தால் ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அணைத்தபின் அந்தக் கண் உங்களுக்காகக் காத்திருக்கும். இருட்டில் ஒன்றை நேராக உற்றுப் பார்ப்பதைவிடச் சற்றுப் பக்கத்தில் பார்ப்பது நல்லது. விழித்திரையின் நடுப்புள்ளியில் கோல் கலங்கள் இல்லை. நேரே பார்த்தால் மறைவது, ஓரக்கண்ணில் தெரியும். இதற்கு விளக்கே வேண்டாம்.

இவ்வளவு செய்துவிட்டுக் கைப்பேசியை முழு வெளிச்சத்தில் திறந்து நேரம் பார்த்தால் எல்லாம் வீண். இன்றைய கொட்டில்களில் இரவுப் பார்வையை அதிகம் கெடுப்பது அதுதான். திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து வையுங்கள்.

சிவப்பு உதவாத இடங்கள்

தேயிலை மலைக்குள்ளோ புல் மூடிய குறுக்குப் பாதையிலோ நடக்கும்போது நல்ல வெள்ளை டோர்ச்சையே தரையில் அடித்து நடக்க வேண்டும். விரியன் பாம்பு காய்ந்த சருகோடு சருகாகக் கிடக்கும். மங்கல் சிவப்பில் அதைப் பிரித்தறிய முடியாது. காயத்தைப் பார்க்கவும் இது உதவாது. சிவப்பு ஒளியில் இரத்தம் தனியாகத் தெரியாது. சிவப்பு மையில் எழுதிய மருந்துச் சீட்டும் வெறும் தாளாகவே தெரியும். மாத்திரையின் நிறத்தைச் சிவப்பு வெளிச்சத்தில் பார்த்து ஒருபோதும் கொடுக்க வேண்டாம்.

மண்சரிவுக் காவலிலும் வெள்ளை விளக்குக்கு ஒரு வேலை இருக்கிறது. கானில் ஓடும் தண்ணீர் திடீரெனச் சேறாகிறதா என்பது முக்கிய அறிகுறி. சிவப்பு ஒளியில் சேற்றுத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் ஒன்றுபோலவே இருக்கும். வெள்ளைக் கோப்பையில் அள்ளி, வெள்ளை விளக்கில் பாருங்கள். தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்பு, மரமோ கம்பமோ சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்று எழுதல், இருந்த ஊற்று வற்றுதல் ஆகியவற்றையும் நெருங்கிப் பார்க்க வெள்ளை வேண்டும். ஆகவே வரிசை இதுதான். முதலில் மங்கல் சிவப்பில் மழைமானியை வாசியுங்கள். பிறகு விளக்கை அணைத்து நின்று, மலையின் விளிம்பையும் மரங்களையும் பாருங்கள், சத்தத்தைக் கேளுங்கள். கடைசியில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெள்ளை டோர்ச்சால் கானையும் தரையையும் பாருங்கள். அமாவாசை மழையிருட்டில் எந்தக் கண்ணுக்கும் மலை பெரிதாகத் தெரியாதுதான். ஆனால் முகிலுக்குப் பின்னால் நிலவு இருக்கும் இரவுகளில், பழகிய கண் காண்பதும் பழகாத கண் காண்பதும் ஒன்றல்ல.

மழைமானியின் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோலின்படி 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அபாய வலயத்தில் இருந்துகொண்டு விளக்கைத் திருத்திக் காவல் இருப்பது, பாதுகாப்பான காணிக்கு ஈடாகாது. மீரியபெத்தை மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்திருந்தது. 2014இல் மலை இறங்கியபோதும் மக்கள் அங்கேயே இருந்தார்கள். அதுவும் காலை ஏழரை மணியளவில், பகல் வெளிச்சத்தில். காணிக்கான மனுவும் விண்ணப்பமும் ஒரு பக்கம் நடக்கட்டும். இந்த விளக்கைக் காட்டி "அவர்கள் சமாளித்துக்கொள்கிறார்கள்" என்று யாரும் சொல்ல இடம்கொடுக்க வேண்டாம்.

மாலைக்கண் உள்ளவர்களுக்கு

அந்தி வேளையில் ஒரு பிள்ளை பாத்திரத்தில் தடுக்கி விழுகிறது, வாசலைத் தடவித் தேடுகிறது என்றால், அது விளக்கின் குறையல்ல. ரொடொப்சின் உண்டாக விற்றமின் ஏ தேவை. ஜோர்ஜ் வால்ட் என்ற அமெரிக்கர் இத்தொடர்பை விளக்கி 1967இல் நோபல் பரிசு பெற்றார். முகாமில் அரிசியும் பருப்பும் மாவும் மட்டும் வந்துகொண்டிருந்தால் இந்தச் சத்துக் குறையும். முருங்கைக்கீரை, பொன்னாங்காணி, கரட், பப்பாசி, மஞ்சள் பூசணி, முட்டை ஆகியவற்றில் கிடைப்பதைக் கொடுங்கள். கீரையில் சிறிது தேங்காய்ப்பாலோ எண்ணெயோ சேர்த்தால்தான் சத்து உடம்பில் சேரும். நுவரெலியா மாவட்டத்துக் கரட்டைக் கொழும்புக்கு ஏற்றி அனுப்பும் நாம், நம் பிள்ளைக்கு ஒன்றை எடுத்துவைக்கலாம். மாலைக்கண் என்று சந்தேகம் வந்தால் குடும்பநல மாதுவிடமோ வைத்தியரிடமோ காட்டுங்கள். விற்றமின் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், முக்கியமாகக் கர்ப்பிணிகளுக்கு.

பெட்டரியில் கவனம்

இந்த விளக்கில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டென்றால் அது காசுப் பெட்டரியே. சிறு பிள்ளை அதை இனிப்பு என்று வாயில் போட்டுக்கொள்ளும். 20 மில்லிமீற்றர் பெட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் அந்த இடத்தைப் புண்ணாக்கித் துளைத்துவிடக் கூடும். பழைய பெட்டரியும் அப்படியே. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்காமல், விடியட்டும் என்று காத்திருக்காமல், உடனே கொண்டுபோங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். நம் பகுதியில் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதுவே விதி.

விளக்கின் மூடி தளர்வாக இருந்தால் டேப் சுற்றுங்கள். கழற்றிய பெட்டரியின் இரண்டு முகங்களையும் டேப்பால் மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு போத்தலில் போட்டு வையுங்கள். மரக்கறிப் பாத்தியில் எறிய வேண்டாம், அடுப்பிலும் போட வேண்டாம். காவலுக்குப் போகும் விளக்கை ஒரு நூலில் கோத்துக் கழுத்தில், சட்டைக்கு உள்ளே தொங்கவிட்டால் மழையில் நனையாது. இருட்டில் கை தேடும்போதும் அங்கேயே இருக்கும்.